அப்பாவின் மொரிஸ் மைனருக்குப் புது எஞ்சின்: முதலில் கதவுப்படியைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கிறேன். கல்முனையில் ஒரு வங்கியில் வேலை. காலமான அப்பா விட்டுச்சென்ற 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டில் நிற்கிறது. சுனாமியன்று கதவின் பாதி வரை கடல்நீர் ஏறிய கார் அது. அப்பா கழுவித் துடைத்து மீண்டும் ஓட்டினார். அவர் போன பிறகு நான்கு வருடங்களாக ஓடவில்லை. எனக்கு ஓட்டோமற்றிக் கார் மட்டுமே ஓட்டத் தெரியும். கொழும்பில் ஒரு கராஜில் 1500 சிசி ஜப்பானிய எஞ்சினும் சி.வி.டி. என்னும் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸும் போட்டுத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார்கள். தம்பி விற்றுவிடச் சொல்கிறான். பழைய எஞ்சினைக் கழற்றினால் அது அப்பாவின் காராக இருக்காது என்று அம்மா அழுகிறார். எஞ்சினை மாற்றலாமா? பதிவுப் புத்தகத்தில் சிக்கல் வருமா? தினமும் வேலைக்கு அதில் போய்வர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லடி

பதில்: மகள், அந்த முற்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

கட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை அல்ல. அவர்கள் சொல்லும் எஞ்சின் உங்கள் காருக்குள் கிடக்க வேண்டிய திசையிலேயே கிடக்காது. உங்கள் மைனரில் எஞ்சின் நெடுக்காக நிற்கிறது. அதன் பின்னால் கியர்பொக்ஸ், அதன் பின்னால் சுழலும் நீண்ட தண்டான சாஃப்ட், கடைசியில் பின்சக்கரங்களுக்கு நடுவே, வலுவை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்று எல்லாம் ஒரே கோட்டில் போகின்றன. இப்போது நம் வீதிகளில் ஓடும் சிறிய ஜப்பானியக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுப்பவை. அவற்றில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது. கியர்பொக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. அந்த சி.வி.டி. பெட்டிக்குப் பின்னால் சாஃப்ட் மாட்டுவதற்கு ஓர் இடமே கிடையாது.

அப்படியானால் எப்படிப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள்? ஒரே வழிதான் இருக்கிறது. மைனரின் முன்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, வேறொரு காரின் முன்பகுதியைச் சக்கரங்களோடு கொண்டுவந்து ஒட்டுவது. வெளியே அப்பாவின் பொனட்டும் இரண்டு வட்ட விளக்குகளும் இருக்கும். உள்ளே இருப்பது வேறு கார். இந்த வகை வேலையை நான் இரண்டு தடவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். மைனருக்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேசிஸ் என்னும் அடிச்சட்டம் கிடையாது. உடம்பே சேசிஸ். முன்னால் நீளும் இரண்டு இரும்புக் கால்களும், தரைக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டமும், கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிபோன்ற படியும் சேர்ந்துதான் காரைத் தூக்கிப் பிடிக்கின்றன. அந்தக் கால்களை அறுத்துவிட்டு ஒட்டும் ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்தக் கணக்கின்படி போடப்பட்டது என்பதை யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடங்களில் நம்மவர்கள் கொட்டிலில் கிடந்த பழைய கார்களை எல்லாம் வெளியே இழுத்தார்கள். நல்ல கைகள் உருவாகின, உண்மை. அதே காலத்தில், அறுப்பதற்கு அஞ்சாத கைகளும் நிறைய உருவாகிவிட்டன.

எஞ்சின் மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் மைனருக்கு ஜப்பானிய எஞ்சின் போடுவது பல பதிற்றாண்டுப் பழக்கம். டட்சன் சனியின் ஏ12, ஏ14, ஏ15 எஞ்சின்கள், டொயோட்டா கொரோலாவின் 4கே, கொரோலா டி.எக்ஸ். வகனில் வந்த 5கே எல்லாம் நெடுக்காக நிற்பவை, பின்சக்கரத்தைத் தள்ளுபவை, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரோடு ஓடுபவை. அவற்றின் ஐந்து கியர் பெட்டியோடு ஓடும் மைனர்களைப் பார்த்து நானே மகிழ்ந்திருக்கிறேன். லைட் ஏஸ், டவுன் ஏஸ் வான்களிலிருந்து 5கே எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வான்களில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால், கியர்த்தடி பெட்டியின் மேலேயே நிற்காது, கம்பிகளால் இழுக்கப்படும். மைனருக்கு வேண்டியது வகனின் பெட்டி.

இவை எல்லாம் கையால் கியர் மாற்றுபவை. உங்களுக்கு வேண்டியது ஓட்டோமற்றிக். அங்கேதான் தெரிவு சுருங்குகிறது. சிறிய எஞ்சின், நெடுக்காக நிற்பது, ஓட்டோமற்றிக் பெட்டி என்ற மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் வாகனங்களில் நான் முதலில் பார்ப்பது சுசுகி ஜிம்னியின் 1.3 லீற்றர் எம்13ஏ எஞ்சினும் அதன் நான்கு கியர் ஓட்டோ பெட்டியும். ஜிம்னி நான்கு சக்கர வண்டியாக இருந்தாலும், அந்தத் தலைமுறையில் நான்கு சக்கரத்துக்கும் வலுவைப் பிரிக்கும் பெட்டி கியர்பொக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டால் கியர்பொக்ஸின் வாயிலிருந்து நேராகப் பின்னால் சாஃப்டைக் கொண்டுபோகலாம். டைஹட்சு டெரியோஸின் கே3 எஞ்சினும் நல்லது, நெடுக்காக நிற்பது. ஆனால் முதல் தலைமுறை டெரியோஸின் நான்கு சக்கரப் பெட்டிக்குள் நடு டிஃபரன்ஷியல் ஒன்று சேர்ந்தே வரும். அதை வாங்கிவிட்டு அவதிப்படாதீர்கள்.

எம்13ஏ எஞ்சின் 80 குதிரைவலுவைத் தாண்டித் தரும். உங்கள் காரில் இருக்கும் 948 சிசி எஞ்சின் புதிதாக இருந்த நாளில் தந்தது 37. இரட்டிப்புக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். நான் இனிச் சொல்லப்போவதில் பாதி, எஞ்சினைப் பற்றியதே அல்ல.

சுனாமியை எழுதியிருந்தீர்கள். என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான். கடல்நீர் ஏறிய காரை உங்கள் அப்பா நன்னீரால் கழுவியிருப்பார், இருக்கைகளை வெயிலில் காயவைத்திருப்பார், எண்ணெய்கள் எல்லாம் மாற்றியிருப்பார். ஆனால் கதவுப்படிக்குள் இருக்கும் பெட்டி மூடியது. உள்ளே போன சேறும் உப்பும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடியில் ஈரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. 2004 டிசம்பரிலிருந்து அந்த இரும்பு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வந்திருக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும்.

இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். ஒரு பெரிய ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைப்பிடியால் கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'ணங்' என்று பதில் சொல்லும். துரு தின்ற தகடு 'பொத்' என்று அடங்கும். யாரோ புட்டி பூசி மறைத்திருந்தால் சுவரில் தட்டியதுபோல் செத்த ஓசை வரும். ஓசை மாறும் இடத்தில் எல்லாம் வெண்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, ஓட்டுநரின் காலடியையும் பின் இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங் தாங்கிகள் இருக்கும் இடத்தையும் பாருங்கள். அதன் பின், தெரிந்த ஒருவரை அழைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். யாரும் கீழே போகக் கூடாது. கார் எழும்பும்போது கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி குறுகினால், அல்லது கதவு பழையபடி மூட மறுத்தால், அந்த உடம்பு வளைகிறது என்று பொருள். வளையும் உடம்புக்கு 37 குதிரையே அதிகம்.

துரு கண்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் இது. கதவுப்படியும் குறுக்குச் சட்டமும் முன்கால்களும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மைனருக்கான பாகங்கள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான காலமும் உண்டு. தகடு வளைத்து ஒட்டத் தெரிந்த கைகள் மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கின்றன. ஒரே நிபந்தனை: பழைய துருவை முற்றாக வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். துருவின் மேல் தகட்டை வைத்து மூடுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது முன்சக்கரம். மைனரின் முன்சக்கரம் திரும்புவது ட்ரனியன் என்னும் மரையிட்ட முட்டுகளில். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேயும், தேய்ந்தால் ஒருநாள் கழன்றுவிடும், கழன்றால் சக்கரம் உள்ளே மடிந்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய வருடங்களில் ஒரு வாடிக்கையாளரின் மைனருக்குப் பெரிய எஞ்சின் மாற்றிக் கொடுத்தேன். எஞ்சின் வேலை சுத்தமாக இருந்தது. அதிலேயே மயங்கி, முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. காரை எடுத்துப்போக அவர் வந்த காலை, கராஜ் வாசலில் பின்னோக்கி எடுத்துத் திருப்பியபோது இடது சக்கரம் முழங்கால் மடங்கியதுபோல் மடங்கி, மட்கார்ட் தரையில் இடித்தது. பின் இருக்கையில் அவருடைய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வேகம் நடை வேகம். அரை மணி நேரம் கழித்து நடந்திருந்தால் அவர்கள் ஏறாவூர் வீதியில் இருந்திருப்பார்கள். அன்றிலிருந்து, எஞ்சின் மாற்றக் கேட்டு வரும் எந்தப் பழைய காரையும் முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றித்தான் பார்க்கிறேன். கிரீஸ் துப்பாக்கி மாட்டும் சிறு நிப்பிள்களில் சேறு காய்ந்து இறுகியிருக்கிறதா என்று உங்கள் காரில் பாருங்கள். நான்கு வருடம் நின்ற காரில் இறுகித்தான் இருக்கும்.

பிறேக்கைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் காரில் நான்கு சக்கரத்திலும் 7 அங்குல ட்ரம் பிறேக். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதே, 11 குதிரைவலு கூடியதற்காக, முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினார்கள். செய்த தொழிற்சாலையே அவ்வளவுக்கு அஞ்சியது. நாம் 40க்கு மேல் கூட்டப்போகிறோம். ஒரு கார் 60 கிலோமீற்றர் வேகத்தில் சுமக்கும் ஆற்றலைப்போல் இரண்டேகால் மடங்கு ஆற்றலை 90இல் சுமக்கிறது. அதை எல்லாம் வெப்பமாக்கி வெளியே விட வேண்டியது அந்தச் சிறு ட்ரம்கள். ஆகவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் போட்டாக வேண்டும். மைனருக்கென்றே செய்த டிஸ்க் பிறேக் தொகுதிகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. இன்னொன்று: பிறேக் மிதியின் அழுத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் ஓட்டுநரின் காலடிக்குக் கீழே, அந்த இரும்புக் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. கடல்நீர் நின்ற இடம் அதுவேதான். அது ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் இல்லாமல் போகும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை எஞ்சின் அறைக்கு மாற்றிவிடுங்கள். இந்த வேலைக்குச் செலவாகும் பணத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற கராஜில், எஞ்சின் வேலையையும் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சினுக்கு வருவோம். பணம் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் றாக், மைனரில் எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சின் அறையின் பின்சுவரோடு குறுக்காகக் கிடக்கிறது. புதிய எஞ்சினின் பின்பக்கமும் கியர்பொக்ஸின் மணிபோன்ற வாயும் அதைத் தொடாமல் நுழைய வேண்டும். அதற்குப் பின்னால், இன்னும் முக்கியமாக, அந்த நடுக் குறுக்குச் சட்டம் இருக்கிறது. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் அதில்தான் பிடிக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டோமற்றிக் பெட்டியின் எண்ணெய்த் தட்டு பருத்தது. அது நேராக இந்தச் சட்டத்தின் மேல் வந்து உட்காரப் பார்க்கும். அவசரக்காரர் கட்டரை எடுத்துச் சட்டத்தில் ஒரு துண்டை அறுத்துவிடுவார். அறுத்தால், முன்பகுதியின் பாரம் முழுவதையும் பிடித்திருக்கும் கையை அறுத்ததாகும்.

எனவே, உள்ளே ஒன்றும் இல்லாத வெற்று எஞ்சின் உறையும் வெற்றுக் கியர்பொக்ஸ் உறையும் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அட்டையில் முழு அளவில் மாதிரி செய்யட்டும். அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கிப் பார்க்கட்டும். மைனரில் கியர்பொக்ஸுக்கு மேலே இருக்கும் தரைமூடி ஆணிகளால் பூட்டப்பட்டது, கழற்றலாம். அதற்குப் பதிலாக உயரமான மூடி ஒன்று செய்து பூட்டலாம், பழைய மூடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் தாங்கிகளையும் ஏற்கனவே இருக்கும் துளைகளில் பூட்டும்படி செய்ய வேண்டும். என்றைக்காவது உங்கள் பிள்ளை பழைய எஞ்சினைத் திரும்பப் பூட்ட நினைத்தால், ஸ்பானர் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். கட்டர் தேவைப்படும் இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டோ பெட்டி சட்டத்தை அறுக்காமல் உட்காராது என்று மாதிரி காட்டினால், அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வகனின் ஐந்து கியர் பெட்டிக்குத் திரும்புங்கள். கிளச் பழகுவதற்கு ஒரு மாதம் போதும். நாவற்குடாவின் உள் வீதிகளில் ஞாயிறு காலையில் பழகலாம்.

ஓட்டோ பெட்டி உட்கார்ந்தால், எஞ்சினைத் தனியாக வாங்க வேண்டாம். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எஞ்சின் வெறுமனே கிடைக்கும், மலிவாகவும் தோன்றும். உங்களுக்குத் தேவை அதே வண்டியின் கணினிப் பெட்டி, முழு வயறிங், சாவி, அந்தச் சாவியை அடையாளம் காணும் இமோபிலைசர், கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச், வேகத்தைச் சொல்லும் சென்ஸர், எல்லாம் ஒன்றாக. முன்பாதியை அப்படியே வெட்டி எடுத்த வண்டியாக வாங்குவதே நல்லது. வேகச் சென்ஸரின் செய்தி கிடைக்காவிட்டால் ஓட்டோ பெட்டி ஒரே கியரில் பிடிவாதமாக நின்றுவிடும். அதைப் பெட்டி பழுது என்று நினைத்துப் பிரித்துப் பார்த்துப் பணத்தைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. மைனரில் பற்றரியின் நேர்முனை உடம்போடு பிடிக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களில் எதிர்முனை. புதிய கணினிப் பெட்டியைப் பழைய முறையில் இணைத்தால், சாவி திருப்பும் ஒரு கணத்தில் அது செத்துவிடும். அப்பா ஏற்கனவே மாற்றியிருக்கலாம், பற்றரியில் எந்தக் கம்பி உடம்புக்குப் போகிறது என்று பாருங்கள். எப்படியும் அறுபது வருடத்துத் துணி சுற்றிய கம்பிகளை முழுவதும் மாற்றிவிடுவதுதான் நல்லது. நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வட்ட வேகமானியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது கேபிளால் சுற்றுவது, புதிய பெட்டி மின்குறிப்பு அனுப்புவது. ஆனால் பழைய முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே மின்பொறியை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பா பார்த்த முள்ளை நீங்களும் பார்க்கலாம்.

பெற்றோல் குழாய்களில் கவனம் வேண்டும். பழைய பம்ப் காபரேற்றருக்கு மெல்லத் தள்ளும். ஜிம்னியினுடையதுபோன்ற, பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும், சுமார் 3 பார். பழைய றப்பர் குழாயில் அதை விட்டால் சூடான எஞ்சின் மேல் பெற்றோல் பீச்சும். புதிய உலோகக் குழாய், அதற்குரிய இறுக்கிகள், உட்புறம் துரு நீக்கிய பெற்றோல் தாங்கி, விபத்தில் பம்பை நிறுத்தும் சுவிட்ச் எல்லாம் கட்டாயம். சிறிய தீயணைப்பான் ஒன்றை இருக்கைக்குக் கீழே பூட்டுங்கள்.

சாஃப்டை அளந்து வெட்டி ஒட்டிய பின் சமநிலை பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் 60ஐத் தாண்டும்போது கார் முழுவதும் அதிரும். பின்பக்க டிஃபரன்ஷியலை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் காரில் 4.55க்கு 1 என்ற விகிதம் இருக்க வேண்டும். இப்போது 80 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றுக்கு மேல் கத்துகிறது. ஜிம்னி பெட்டியின் நான்காம் கியர் சுமார் 0.7. அதோடு சேர்த்தால் அதே வேகத்தில் 2,300 அளவில் அமைதியாகப் போகும். ஆனால் பின் அக்சில்கள் 37 குதிரைக்காக வார்க்கப்பட்டவை. விளக்குச் சந்தியில் பச்சை விழுந்ததும் மிதித்து எழுப்பினால் ஒருநாள் முறியும். மெதுவாக எழுப்புங்கள், நெடுநாள் உழைக்கும்.

பதிவு விடயம். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, வாகனப் பரீட்சகருக்குக் காரைக் காட்டி, புதிய இலக்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இதை வேலை முடிந்த பிறகு செய்யாதீர்கள். வாங்குவதற்கு முன்பே மட்டக்களப்பு மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுச் சான்றிதழோடு போய், என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் சுங்க ஆவணப் பிரதியும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கார் இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பின்சுவரில் இருக்கும் சேசிஸ் இலக்கத் தகட்டை, பெயின்ற் அடிப்பதற்காகக்கூட, யாரும் கழற்றக் கூடாது. முன்பகுதியையே மாற்றும் கொழும்புத் திட்டத்தில் இந்தப் பத்திர வேலை எப்படி முடியும் என்று அவர்களிடம் கேட்டீர்களா? காப்புறுதி நிறுவனத்துக்கும் எஞ்சின் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

தினமும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். கல்லடியிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், போய்வர 80. காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களுக்கு இரு பக்கமும் நின்று நின்று நகரும் நெரிசலுக்கு ஓட்டோமற்றிக் ஆறுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் மாலை மங்கும் நேரத்தில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், எதிரே பஸ் பஸ்ஸை முந்திக்கொண்டு வரும். அந்த நேரத்தில் உங்களைச் சுற்றி இருப்பது 1948இல் வெளிவந்த ஒரு காரின் உடம்பு. நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங் தண்டு. காற்றுப்பை இல்லை. புதிய எஞ்சின் இதில் எதையும் மாற்றாது, வேகத்தை மட்டுமே மாற்றும். என் மகளாக இருந்தால் வேலைக்குச் சிறிய ஓட்டோமற்றிக் கார் ஒன்றை, பழையதாக இருந்தாலும், வாங்கச் சொல்வேன். மைனர் ஞாயிறுகளுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் அம்மாவைப் பாலத்தைக் கடந்து நகரத்துக்கு அழைத்துப்போவதற்கும் இருக்கட்டும். எதற்கு எடுத்தாலும், உறுதியான இடங்களில் பூட்டிய இருக்கைப் பட்டி இல்லாமல் எடுக்காதீர்கள்.

அப்படி முடிவு செய்தால், எஞ்சின் மாற்றம் அவசரமே இல்லாமல் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். என் உண்மையான ஆலோசனை இதுதான்: உடம்பு, முன்சக்கரம், பிறேக், வயறிங் நான்கையும் இந்த வருடம் செய்து முடியுங்கள். பழைய எஞ்சினையே துப்புரவாக்கி ஓடவிட்டு ஆறு மாதம் பாருங்கள். நின்றுபோன எஞ்சினைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 1990களில் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் இந்த வயதுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினின் சிலிண்டர் தலையைக் கழற்றி, ஈயமில்லாத பெற்றோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகள் போட்டால், அது இன்னும் நெடுங்காலம் உழைக்கும். அதன் பிறகும் ஜிம்னி எஞ்சின் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் போடுங்கள். செய்த வேலை எதுவும் வீணாகாது, எல்லாம் அந்த எஞ்சினுக்கும் தேவையானவையே. தம்பியிடமும் சொல்லுங்கள், இப்போதிருக்கும் நிலையில் விற்றால் துருவின் விலைதான் கிடைக்கும்.

அம்மாவின் அழுகையை நான் கடைசியில் வைத்தது அது சிறியது என்பதால் அல்ல. அந்த எஞ்சினை என்றைக்குக் கழற்றினாலும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், கராஜில் விட்டுவிடாதீர்கள். பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக நிரப்பி, நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, பிளக்கைப் பூட்டி, திறந்த வாய்களை எல்லாம் அடைத்து, கடற்காற்று படாத அறையில் மரக் கட்டைகளின் மேல் வையுங்கள். சிமெந்துத் தரையில் நேராக வைத்தால் ஈரம் ஏறும். எஞ்சினின் முன்னால் இருக்கும் கப்பியில் ஒரு ஸ்பானரை மாட்டி மாதம் ஒருமுறை அரைச் சுற்றுச் சுற்றினால் உள்ளே ஒன்றோடொன்று பிடிக்காது. அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. அம்மாவிடம் அந்த ஸ்பானரைக் கொடுங்கள்.